பார்க்காத காலுக்குப் பச்சை

தம்பி,

சனிக்கிழமை வருவாய், ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டுவாய், திங்கள் காலை கிளம்பிவிடுவாய். நடுவில் உன்னோடு தனியாக உட்கார்ந்து பேச எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. உன் அப்பா இப்போதே தேன்குழலுக்கும் சீப்புச் சீடைக்கும் சொல்லி வைத்துவிட்டார். சர்க்கரை நோய் வேலையாகப் போகிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிற சாமானா இது என்று கேட்டால், "அவன் டாக்டர்களுக்குத்தானே பாடம் எடுக்கப் போறான், தேன்குழலுக்கா எடுக்கப் போறான்" என்கிறார். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கையால் எழுதினால் டாக்டர் கிறுக்கல் என்று நீ கேலி செய்வாய். எனவே நீ பழக்கிவிட்ட கணினியிலேயே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். தினமும் நோயாளிகள் போன பிறகு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுகிறேன்.

இனி ஒரு வருடம் நீ ஊர் ஊராகப் போய், என்னைப் போன்ற குடும்ப மருத்துவர்களை உட்காரவைத்து, சர்க்கரை நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் எப்படிப் பதிவது, பதிந்ததை வைத்து எப்படி வைத்தியம் பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கப் போகிறாய். முதல் ஊரில் நாற்பது பேர் என்றாய். போன வாரம் போனில், "மொதப் படமே ஒன் கிளினிக் ஸ்கிரீன்தாம்மா. மேலருந்து கீழ வரைக்கும் பச்சை. அதப் பாத்தாலே பாதி டாக்டருக மடங்கிருவாக" என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ கிளம்புவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். படித்த பிறகு அந்த நாற்பது பேருக்கும் படித்துக் காட்டலாம் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாகக் காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கோவிலூர் ரோட்டில் அந்தக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு நீ வகுப்பு எடுத்தாயே, அது எனக்கு அணு அணுவாக ஞாபகம் இருக்கிறது. பந்தி போடும் நீள மேசையில் இலைக்குப் பதிலாக லேப்டாப்புகள். காரைக்குடியில் முப்பது வருடம், நாற்பது வருடம் வைத்தியம் பார்த்த பன்னிரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் "சார்", "மேடம்" என்றாய். என் பக்கம் திரும்பியபோது ஒரு நொடி தடுமாறி, என்னையும் "மேடம்" என்றாய். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு பொங்கியது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த வயதான டாக்டர், "தம்பி, நான் நோயாளி மூஞ்சியப் பாக்கவா, இந்தப் பெட்டி மூஞ்சியப் பாக்கவா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. நீ முகம் சிவந்து நின்றாய். உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வியை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான். காபி குடிக்கும்போது நான்தான் சொன்னேன், அவர் அப்படியே எடுத்து வீசிவிட்டார். உன் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. இது முதல் குற்றம், சின்னக் குற்றம். பெரியது பின்னால் வருகிறது.

அன்று நீ விளக்கியது எனக்கு உடனே பிடிபட்டது. ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஒரு பக்கம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனை, கண், கால் என்று ஐந்து கட்டம். பார்த்தால் பச்சை, பார்க்காவிட்டால் சிவப்பு. யாரை விட்டுவிட்டோம் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இத்தனை வருடம் ஒவ்வொரு நோயாளிக்கும் நான் கையால் எழுதிவைத்த அட்டைகளில் அது தெரியாது. அட்டை அட்டையாகப் புரட்டினால் ஒவ்வொருவரும் நன்றாக இருக்கிற மாதிரிதான் இருக்கும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் பாகற்காயும் கேப்பைக் கூழுமாக இருந்துவிட்டு, ரத்தம் கொடுத்த கையோடு இட்டிலியும் ஜாங்கிரியும் சாப்பிடப் போகிற ஆட்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த மூன்று மாதச் சராசரி வந்த பிறகுதான் எத்தனை பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உன் பெட்டிமேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அதை உன்னிடம் சொல்லாமல் இருந்தது என் கொழுப்பு.

நான்கு கட்டங்களில் எனக்குச் சிக்கல் இல்லை. ஐந்தாவது கட்டம் கால். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப் போகும், முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது என்பது எனக்கு நீ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் பார்க்க வேண்டுமே. முதல் நாள் முதல் நோயாளி, கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைக் காவல் பார்க்கும் சுப்பையா அண்ணன். வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியூரில். கல்யாணம், பூசை என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டுக்கு அவர்தான் எல்லாம். காலை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொல்லி நான் குனிந்ததும் மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்ன செய்றீக டாக்டரம்மா? என் கால நீங்க தொடுறதா? வேணாந்தாயி, தொடாதீக. எனக்குப் பாவம் வந்து சேரும்" என்று இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த அம்மா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். மூன்றாவது ஆள், காலெல்லாம் சேறாக இருக்கிறது, அடுத்த தடவை கழுவிவிட்டு வருகிறேன் என்றார். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பையா அண்ணனிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? "கால்ல புண்ணு கிண்ணு இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தாயி" என்றார். பார்த்தாயிற்று, நலம் என்று தட்டினேன். பச்சையானது.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. கேட்பேன், இல்லை என்பார்கள், தட்டுவேன். மரத்துப்போன காலில் புண் இருந்தால் அந்த ஆளுக்கே தெரியாது என்று படித்தவள், அந்த ஆளிடமே கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் அட்டையில் எழுதியபோது நான் பார்க்காததைப் பார்த்ததாக ஒரு வரி எழுதியதில்லை, தம்பி. பார்க்காவிட்டால் அந்த இடம் வெறுமனே கிடக்கும், என்னை யாரும் கேட்டதில்லை. உன் திரையில்தான் அது சிவப்பாக முழித்துப் பார்த்தது. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன். அது உன் திரை. பன்னிரண்டு டாக்டர்களில் பெற்ற தாயின் கிளினிக் சிவப்பாக இருந்தால் உன்னை என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். என் பிள்ளை கொண்டுவந்த வேலை தோற்கக் கூடாது என்று நினைத்தேன். உன் பரீட்சைத் தாளை நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. மூன்றாவது மாதம் என் திரை முழுக்கப் பச்சை. நீ அதைப் படம் பிடித்து எல்லா இடத்திலும் காட்டினாய். உன் மேலதிகாரி என்னைப் பாராட்டி ஒரு கடிதம் அனுப்பினார். அதை உன் அப்பா சட்டம் போட்டு மாட்டப் போனார், நான்தான் தடுத்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறாவது படிக்கும்போது நீ அவரைச் செடி வளர்த்தது ஞாபகம் இருக்கிறதா? அறிவியல் நோட்டுக்காகத் தினமும் அளந்து எழுத வேண்டும் என்றார்கள். நாலாம் நாளே செடி காய்ந்துவிட்டது. நீ பதினைந்து நாளும் அளவு எழுதி வைத்திருந்தாய், கடைசி நாளில் அது முழங்கை உயரம் வளர்ந்திருந்தது. நான் தொட்டியில் கருகிக் கிடந்த தண்டையும் உன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதோடு விட்டேனா? கையைப் பிடித்து இழுத்துப்போய் டீச்சர் முன்னால் நிறுத்தி, உன் வாயாலேயே சொல்லவைத்தேன். நீ அழுதுகொண்டே சொன்னாய். திரும்பி வரும்போது என் கையைப் பிடிக்க மாட்டேன் என்று ரோட்டின் அந்த ஓரமாகவே நடந்து வந்தாய். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது அதிகம். டீச்சரிடம் போகாமல் வீட்டோடு விட்டிருக்கலாம். இத்தனை வருடம் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது நான் உன் முன்னால் நிற்கிறேன். என் செடியும் நாலாம் நாளே காய்ந்ததுதான்.

போன வருடம் சித்திரையில் அந்தக் கண்டனூர் வீட்டில் ஒரு கல்யாணம். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, மாடியில் பந்தல் போட ஆட்களோடு ஆளாக நின்றிருக்கிறார் சுப்பையா அண்ணன். அந்த வீட்டுக்குள் அவர் செருப்புப் போட்டு ஒரு நாளும் நடந்ததில்லை. உச்சி வெயிலில் மாடித்தளம் எப்படிக் காயும் என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடியிருக்கிறார்கள். இவர் மட்டும் அசையாமல் நின்று கயிறு பிடித்திருக்கிறார். "என்னண்ணே, சுடலையா?" என்று கேட்டதற்குப் பெருமையாகச் சிரித்தாராம். இரண்டு பாதமும் வெந்து கொப்பளித்தது அவருக்குத் தெரியவே இல்லை. கல்யாண வேலை முடிகிறவரை அதே காலோடு நடந்திருக்கிறார். நான்கு நாள் கழித்து, துடைத்த தரையில் ஈரத் தடம் விழுகிறதே என்று அவர் மனைவி பார்த்துத்தான் என்னிடம் கூட்டி வந்தார். பார்த்தவுடன் மதுரைக்கு அனுப்பினேன். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துத்தான் பாதத்தைக் காப்பாற்றினார்கள்.

அவர்கள் காரில் ஏறி மதுரைக்குப் போன பிறகு நான் திரையைத் திறந்தேன். சுப்பையா அண்ணன் பெயருக்கு நேரே ஐந்து கட்டமும் பச்சை. பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் வந்திருக்கிறார். கால், பார்த்தாயிற்று, நலம். அதற்கு முன்பும் இரண்டு தடவை அப்படியே. ஒரு தடவையாவது பார்த்திருந்தால் மரத்துப்போனது தெரிந்திருக்கும், செருப்பில்லாமல் நடக்காதீக என்று சொல்லியிருப்பேன், அந்த மனிதர் நான் சொன்னால் கேட்டிருப்பார். நம் செல்வி, நீ அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து என்னோடு இருக்கிற நர்ஸ், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, "டாக்டரம்மா, நம்ம அவுக கால ஒரு தடவகூடப் பாக்கலையே" என்றாள். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நீ வகுப்பில் பெருமையாகச் சொன்னாய், இதில் எழுதியதை அழிக்க முடியாது, திருத்தினால் யார், எப்போது திருத்தினார்கள் என்று நிற்கும் என்று. அன்று அதைக் கேட்டு எரிச்சல்பட்டேன். இப்போது அதுதான் உதவியது. சுப்பையா அண்ணன் பக்கத்தில், "மூன்று தடவையும் காலைப் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பதிந்தது நான்" என்று எழுதினேன். பிறகு ஒவ்வொரு பெயராகப் போய், பார்க்காத கால்களை எல்லாம் பார்க்காததாக மாற்றினேன். அந்த வாரம் முழுக்க அதே வேலை. திரையில் காலுக்கான கட்டம் மேலிருந்து கீழ் வரை சிவப்பாக ஆனது. எங்கள் திரை உன் அலுவலகத்திலும் தெரியுமே, நீ உடனே போன் செய்தாய். "என்னம்மா, ஒன் ஸ்கிரீன் திடீர்னு செவப்பாயிருச்சு, சிஸ்டத்துல எதுவும் கோளாறா?" என்றாய். நான் "கரண்டு போய்ப் போய் வருதுப்பா" என்றேன். விரல் போன மனிதரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நீயும் நம்பிவிட்டாய். பழைய பச்சைப் படத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

அதற்குப் பிறகு கால் பார்க்க நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். வழி செல்வியுடையது. வாசல் குழாயடியில் ஒரு தாழ்ந்த பெஞ்சு, ஒரு செம்பு, துவைத்த துண்டுகள் போட்டாள். கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவது மாதிரி, இங்கும் கழுவித் துடைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கழுவிய காலை நீட்ட யாருக்கும் அவ்வளவு கூச்சமில்லை. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க நீ கொடுத்த நைலான் இழையைக் காட்டி, "நான் தொடல அண்ணே, இதுதான் தொடும். பட்டா 'ம்'னு சொல்லுங்க, போதும்" என்பேன். ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களைச் சுப்பையா அண்ணன் பார்த்துக்கொள்கிறார். இப்போது அவர் மாதம் ஒரு முறை செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறார். வந்து வெளியே உட்கார்ந்து, "காலக் காட்டுங்கய்யா, என்ன வெக்கம்? நான் வெக்கப்பட்டுத்தான் ரெண்டு வெரலக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன்" என்று சத்தம் போடுகிறார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. நான் காலைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதியதை அவரிடம் சொன்னேன். "நாந்தான தாயி ஒளிச்சேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகவே தம்பி, அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போகாதே. இப்போதைய திரையைக் காட்டு. பாதிதான் பச்சை, ஆனால் அந்தப் பச்சையில் ஒவ்வொன்றும் என் கண்ணால் பார்த்தது. முழுக்கப் பச்சையாக யாராவது கொண்டுவந்தால் கை தட்டாதே, அவர் கிளினிக்கில் போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார். சிவப்பு விழுந்தால் அவமானம் என்ற நினைப்பை முதலில் அவர்கள் தலையிலிருந்து எடு. "பார்க்க முடியவில்லை, காரணம் இது" என்று எழுத ஒரு இடம் வை. எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் "நோயாளி கூச்சப்படுகிறார்" என்று எழுதியிருப்பேன், நீ அதைப் படித்துவிட்டு என்னம்மா என்று கேட்டிருப்பாய். டாக்டர்களுக்கு மட்டும் வகுப்பு எடுக்காதே, செல்வியைப் போன்றவர்களையும் கூட உட்காரவை. எங்கள் விரல் மெதுவாக ஓடினால் பல்லைக் கடிக்காதே. வயதானவர் யாராவது நக்கலாகக் கேள்வி கேட்டால் முகம் சிவக்காதே, அவர் பயந்துபோயிருக்கிறார் என்று வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. போகிற இடத்திலெல்லாம் கொடுக்கிற டீயை எல்லாம் குடிக்காதே. நம் வீட்டில் இரண்டு பக்கமும் சர்க்கரை என்பதை மறந்துவிடாதே.

இன்னும் ஒன்று பாக்கி. மண்டபத்தில் பழகுவதற்காக என் பெயரையும் ஒரு நோயாளியாகச் சேர்க்கச் சொன்னாய், எனக்கும் சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகிறதே. என் பக்கத்தில் இன்றும் ஐந்து கட்டமும் பச்சை. எல்லோருடையதையும் மாற்றினேன், என்னுடையதை மட்டும் மாற்றவில்லை. இழையை நானே என் காலில் வைத்துப் பார்த்தால் பிரயோஜனமில்லை, கண் பார்த்துவிடும், கைக்குத் தெரிந்துவிடும். செல்வி இரண்டு தடவை கேட்டாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலை, போய் அடுத்த ஆளக் கூப்பிடு" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். சுப்பையா அண்ணன் செய்ததைத்தான் நானும் செய்தேன். போன செவ்வாய்க்கிழமை வாசலிலிருந்து மேசை வரை நடந்து வந்து உட்கார்ந்துவிட்டேன். செல்வி பின்னாலேயே வந்து, "டாக்டரம்மா, ஒங்க ஒத்தச் செருப்பு வாசல்லயே கெடக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கழன்றது எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, தம்பி.

திங்கள்கிழமை கிளம்பும்போது எப்போதும் போலச் சாமி அறையில் என் காலில் விழுவாய். எப்போதும் போலத் திருநீறு பூசிவிடுவேன். இந்தத் தடவை விழுந்த கையோடு எழுந்து ஓடாதே. பஸ் போனால் போகட்டும், தேவகோட்டைப் பக்கமிருந்து அடுத்தது வரும். அப்படியே தரையில் உட்கார். வகுப்புக்கு எடுத்துப் போகிற பையிலிருந்து அந்த நைலான் இழையை எடு. நான் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், கண்ணை மூடிக்கொள்வேன். பெருவிரல், சுண்டு விரல், பாதத்தின் நடு, குதிகால் என்று நீ அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வரிசையிலேயே வை. பட்டால் "ம்" என்பேன். நான் சும்மா இருக்கிற இடத்தில், எனக்காக நீ "ம்" சொல்லிவிடாதே, ராசா.

அம்மா